கூற்றுக்கு உரியோர்

வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானைக்குப் புகைவண்டியிற் செல்வோர் முன்னெல்லாம் கல்கிசை கடக்கும்வரை கடலைப் பார்த்திருப்பர். இன்று கைப்பேசியைப் பார்க்கின்றனர். சென்ற தவணையில் ஒரு மாலை, அவ்வண்டியிலே, உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, “ஐயா, இந்த விண்ணப்பத்தில் பிழை இருந்தால் சொல்லுவீர்களா?” என்றாள். தொழிலுக்கோ புலமைப் பரிசிலுக்கோ எழுதிய விண்ணப்பம் எனக் கருதி வாங்கினேன். வயது என்ற இடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு என்றிருந்தது. தொழில், கலங்கரை விளக்கக் காவல். விண்ணப்பித்த பிள்ளைக்கோ பதினேழு வயது.

அவள் விளக்கிய பின்னரே விடயம் புலனாயிற்று. இணையத்திலே பலர் ஒருங்குகூடி ஒரு கற்பனை நாட்டை அமைக்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரத்தின் சொல்லையும் செயலையும் முறைவைத்து எழுதுகின்றனர். ஒருவர் எழுதி நிறுத்திய இடத்திலிருந்து மற்றவர் தொடர்வார். கதைக்கு ஆசிரியர் ஒருவரல்லர். முடிவும் எவருக்கும் முன்னரே தெரியாது. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டும், 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் கணினியில் அமைத்த பலர் கூடி ஆடும் விளையாட்டும் இவ்வழக்கத்துக்கு முன்னோடிகள்.

இத்தகைய குழுவிற் சேர்வது எளிதன்று. பாத்திரத்தின் பெயர், தோற்றம், குணம், பழைய வரலாறு, குறைபாடு ஆகியவற்றை எழுதி, மாதிரிப் பகுதி ஒன்றும் இணைத்து அனுப்பவேண்டும். குறைபாடே இல்லாத பாத்திரத்தைப் பெரும்பாலான குழுக்கள் ஏற்பதில்லை. விதிகளின் நடுவே ஒரு சொல்லை மறைத்து வைத்து, அதனை விண்ணப்பத்தில் எழுதுக என்று கேட்பதும் உண்டு. விதிகளைப் படியாதவர் அவ்விடத்திலேயே அகப்பட்டுக்கொள்வர். (பரீட்சை வினாத்தாளின் அறிவுறுத்தலைப் படியாமல் விடை எழுதுவோருக்கு இவ்வுபாயத்தைக் கையாண்டாலென்ன என்று எனக்குத் தோன்றியது.) விதிகளுள் தலையாயது, பிறர் பாத்திரத்தை நாம் இயக்கலாகாது என்பது. ‘யான் வாளை ஓங்கினேன்’ என எழுதலாம்; ‘அவன் வெட்டுண்டு வீழ்ந்தான்’ என எழுதுதல் ஆகாது. வீழ்வதும் விலகுவதும் அப்பாத்திரத்துக்கு உரியவர் கூறவேண்டியவை.

இதனைக் கேட்டபொழுது தொல்காப்பியப் பொருளதிகாரமே என் நினைவுக்கு வந்தது. தலைவன் கூற்று, தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என வகுத்து, யார் எவ்விடத்துப் பேசற்கு உரியர் என்று வரையறுத்த நூல் அது. சங்கப் புலவர் தம்மை மறைத்துப் பாத்திரத்தின் வாயால் மட்டுமே அகத்தைப் பாடினர். அறுபது வயதுப் புலவர் பதினாறு வயதுத் தலைவியாய் நின்று பேசியதை எவரும் பொய்யென்று கூறவில்லை. கூத்தைப் பாருங்கள். மட்டக்களப்பில் அண்ணாவியார் ஆளின் குரலும் உடலும் நோக்கி, இன்னாருக்கு இன்ன வேடம் எனத் தெரிந்து, அவரவர் பாட்டைக் கையில் ஒப்படைக்கும் சடங்குக்குச் சட்டங்கொடுத்தல் என்று பெயர். விண்ணப்பம், தேர்வு, அனுமதி மூன்றும் அங்கே உள்ளன. இணையக் குழுவில் அண்ணாவியாரை நெறியாளர் என்கின்றனர், அவ்வளவே வேற்றுமை.

கூடி எழுதுதலும் நமக்குப் புதிதன்று. ஒருவர் முடவராகவும் மற்றவர் குருடராகவும் இருந்த இரட்டைப் புலவர், ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடிக்கும் முறையிற் பாடினர் என்பது வழிவழி வரும் செய்தி. ஈழத்திலே எஸ். பொன்னுத்துரை, இரசிகமணி கனக. செந்திநாதன், குறமகள் முதலிய ஐவர் சேர்ந்து ‘மத்தாப்பு’ என்னும் நாவலை எழுதினர். 1931இல் வெளிவந்த ‘தி புளோட்டிங் அட்மிரல்’ என்ற ஆங்கிலத் துப்பறியும் நாவலும் பலர் கைமாறி வளர்ந்ததே.

எனினும், இம்மாணவிக்கு மிக அணுக்கமான முன்னோடிகள் புரொன்ரே குடும்பத்துப் பிள்ளைகள். 1826இல் தந்தையார் மகனுக்கு ஒரு பெட்டி மரப் போர்வீரர்களை வாங்கி வந்தார். நான்கு பிள்ளைகளும் ஆளுக்கொரு வீரனை எடுத்துப் பெயரிட்டனர். சார்லட் தன் வீரனுக்கு வெலிங்டன் என்று பெயர் வைத்தாள். அண்ணனுக்குத் தம்பி சளைப்பானா? பிரான்வெல் தன் வீரனை நெப்போலியன் ஆக்கினான். (அண்ணனென்று எழுதிவிட்டேன், சார்லட் அக்காள்.) அவ்வீரர்களுக்கென ஒரு நாடும், சட்டமும், உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னஞ்சிறு கையெழுத்து நூல்களும் பிறந்தன. பின்னர் எமிலியும் ஆனும் பிரிந்து கொண்டால் என்னும் வேறொரு நாட்டைப் படைத்தனர். 1847இல் ‘ஜேன் எயர்’, ‘வதரிங் ஹைட்ஸ்’ ஆகிய நாவல்களை உலகுக்கு அளித்த கைகள் இவ்விளையாட்டிற் பழகிய கைகளே.

இவ்வளவும் எண்ணி மகிழ்ந்தபின் விண்ணப்பத்தை மீண்டும் படித்தேன். கலங்கரைக் காவற்காரியின் பழைய வரலாற்றிலே, என் மாணவி வசிக்கும் வீதியும், அவள் தாயார் பணிபுரியும் இடமும், அவள் பள்ளிவிட்டு வீடு திரும்பும் நேரமும் வேறு பெயரால் எழுதப்பட்டிருந்தன. பெயர் மாறியிருந்தும் அவ்வூரார் எவரும் இனங்காணலாம். புரொன்ரே பிள்ளைகள் ஒரு வீட்டுக்குள் எழுதினர். இவளோ முகமறியாதார் நடுவே எழுதப் போகிறாள். அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்ற விதியை நான் முப்பது ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். இலக்கண விதியாகவே கற்பித்தேன். அதற்குக் காவல் என்றொரு பயனும் உண்டென்பது அன்றுதான் உறைத்தது. அப்பகுதிகளை அவளே நீக்கினாள். குழுவில் உள்ளோரின் வயதெல்லை யாது, பொதுப் பகுதிக்கு வெளியே தனியாகச் செய்தி அனுப்புவோரை நெறியாளர் எவ்வாறு கையாளுவர் என இரு வினாக்களையும் கேட்டெழுதச் சொன்னேன். இவற்றுக்கு விடை தராத குழுவில், அதன் எழுத்து எத்துணைச் சிறப்புடையதாயினும், பிள்ளைகள் சேரலாகாது என்பதே என் துணிபு.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவதைக் குற்றமாக்கியுள்ளது. வேடம் பூண்டு எழுதுவதும் ஆள்மாறாட்டமோ என்று சக ஆசிரியர் ஒருவர் வினவினார். அன்று என்றே கருதுகிறேன். கூத்தில் இராவணன் வேடம் பூண்டவரை அவையோர் அறிவர். அறியாதபடி பூணும் வேடமே வஞ்சனை. ஆனால் அச்சட்டத்தின் பரப்புக் குறித்து எழுத்தாளரும் ஊடகத்தாரும் எழுப்பிய ஐயங்கள் வீண் என்று நான் கூறமாட்டேன்.

எனக்கு உண்மையில் வருத்தந் தந்தது வேறொன்று. விண்ணப்பம் முழுவதும் ஆங்கிலம். காவற்காரிக்கும் ஆங்கிலப் பெயர். “தமிழில் இப்படியொரு குழு இல்லையா, பிள்ளை?” என்றேன். “எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை, ஐயா. தமிழில் எழுதினால் கட்டுரை எழுதுவதுபோல் வந்துவிடுகிறது” என்றாள். அக்குற்றம் அவளுடையதன்று. இருபது வருடம் அவள் போன்றோருக்குக் கட்டுரை எழுதுவித்தவர்கள் நாங்கள். ஒருவரையேனும் ஒரு பாத்திரமாய் நின்று பேச விட்டோமில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, தமிழர் இணையத்திற் கூடி எழுத வல்லவர் என்பதைக் காட்டிவிட்டது. தகவலுக்குக் கூடியவர்கள் கதைக்குக் கூடத் தடையென்ன?

அடுத்த வாரம் அவள் வேறு நால்வரோடு வந்தாள். ஆங்கிலக் குழுவின் மறுமொழி இன்னும் வரவில்லையாம். அதுவரை தமிழில் ஒன்று தொடங்கப் போகின்றனராம். களம், பழைய கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சுக்கூடம். அச்சுக்கோப்பவர், பிழைதிருத்துநர், உரிமையாளரின் விதவைத் தங்கை என மூன்று பாத்திரங்கள் எடுபட்டுவிட்டன. நெறியாளராக இருக்க நான் உடன்பட்டேன். “அது நாங்கள் தீர்மானிக்க வேண்டும், ஐயா. நீங்களும் விண்ணப்பியுங்கள். மாதிரிப் பகுதி இருநூறு சொல், குறைபாடு கட்டாயம்” என்றாள்.

காசோலை மாற்ற அஞ்சும் முதிய கணக்கப்பிள்ளை ஒருவரை எழுதிக்கொண்டிருக்கிறேன். நூற்றிருபது சொல் ஆயிற்று.