நள்ளி சுட்ட இறைச்சி

“ஐயா, நீங்களுமா?” என்று கேட்டார் துறையில் எனக்கு மூத்த பேராசிரியர். அவர் கையிலிருந்தது என் கைபேசி. திரையில் முந்தின ஞாயிறன்று தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்துத் தென்னந்தோப்பில் எடுத்த படம். மூன்று கற்களுக்கு நடுவே கனல், அதன்மேல் மூங்கில் குச்சிகளில் கோத்த கோழித்துண்டுகள், சுற்றிலும் கரி அப்பிய முகங்களோடு நான்கு குழந்தைகள். “பார்பிக்யூ எல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம். தமிழ் சொல்லிக்கொடுக்கிற நாமே இப்படிச் செய்தால் பண்பாடு எங்கே மிஞ்சும்?” என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அப்போது சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பார்பிக்யூ ஆங்கிலேயனின் சொல்லே அன்று. கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகளான தைனோ மக்களின் மரச்சட்டத்துக்குரிய பெயர், ஸ்பானியர் வாயில் பார்பகோவா ஆகிப் பின் ஆங்கிலத்துக்குப் போனது. இதைச் சொல்வதால் ‘அவர்களுக்கும் முன்பே நாங்கள் சுட்டோம்’ என்று மார்தட்டப் போகிறேன் என எண்ணிவிட வேண்டாம். ஊனைத் தீயில் வாட்டித் தின்பது மனித குலத்துக்கே பொது. அதில் முந்தியவன் யார் என்ற வழக்கு வீண் வழக்கு. என் வழக்கு வேறு.

அந்த நண்பர் 15 ஆண்டுகளுக்கு மேலாகப் புறநானூறு நடத்துகிறவர். அதில் 150ஆம் பாடல், கண்டீரக் கோப்பெருநள்ளியை வன்பரணர் பாடியது. வறுமையோடு வழிநடந்து களைத்த பாணர் கூட்டம் பலாமரத்தடியில் ஒதுங்கியிருக்கிறது. வேட்டைக்கு வந்த ஒருவன் அவர்களைப் பார்க்கிறான். எழ முயன்றவர்களைக் கையமர்த்தி இருக்கச் செய்கிறான். காட்டுக்குள் சிதறிய தன் ஆட்கள் வந்து சேர்வதற்குள், தானே தீக்கடைந்து, தானே இறைச்சியைச் சுட்டு, சுற்றத்தாரோடு தின்னுங்கள் என்று கொடுக்கிறான். அவர்கள் பசியாறி, மலையருவி நீரைக் குடித்துப் புறப்படும்போதுதான் மார்பின் ஆரத்தையும் முன்கைக் கடகத்தையும் கழற்றித் தருகிறான். நாடு எது என்று கேட்டதற்கும், நீ யார் என்று கேட்டதற்கும் விடையில்லை. நள்ளி என்ற பெயர் வழியில் பிறர் சொல்லித்தான் தெரிகிறது.

திட்டமிடாமல், காட்டில், ஒரு குடும்பக் கூட்டம் சுட்ட இறைச்சி தின்று அருவி நீர் குடித்ததைச் சொல்கிற பாடல் இது. நாம் கேட்கும் வினாவோ ‘நள்ளியின் கொடைத்திறத்தை விளக்குக’. மாணவர்கள் ஆரத்தையும் கடகத்தையும் பத்தி பத்தியாக எழுதுவார்கள். இறைச்சி ஒரு வரியில் ‘உணவளித்தான்’ என்று முடிந்துவிடும். முழு மதிப்பெண் போடுவோம். நானும் போட்டிருக்கிறேன். அரசன் ஒருவன் புகையில் கண் எரியக் குந்தியிருந்து வாட்டித் தந்தது கொடையில் சேராது, நகைதான் கொடை என்று நாம்தான் அவர்களுக்குக் கற்பித்திருக்கிறோம்.

பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் அந்தணர் மரபினர் என்பர். இரும்புக் கம்பியில் சுட்ட கொழுத்த ஊனைப் பொருநன் சூடு தாங்காமல் வாயின் இருபுறமும் மாற்றி மாற்றித் தின்ற இடத்திற்கு அவர் முகம் சுளிக்காமல் உரை சொல்கிறார். புலாலுண்ணாத உ.வே.சாமிநாதையர் 1889இல் அவ்வுரையோடு அந்நூலைப் பதிப்பித்தார். ஒரு வரியைக்கூட அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மை கறி தின்னும் வீடுகளில் பிறந்து தமிழ் படித்த நமக்கு ஏன் வாய்க்கவில்லை?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. நண்பர் சேலத்துக்காரர். ஆடி முதல் நாள் அவர் ஊரில் தேங்காய் சுடுவார்கள். நாரை உரித்து ஓட்டை வழவழப்பாகத் தேய்த்து, ஒரு கண்ணைத் திறந்து, அவல், வெல்லம், பாசிப்பயறு, எள் எல்லாம் உள்ளே இட்டு, அழிஞ்சிக் குச்சியைச் செருகித் தெருவிலும் ஆற்றங்கரையிலும் நெருப்பு மூட்டி, குழந்தை குட்டிகளோடு வாட்டி எடுப்பது. ஆண்டுதோறும் அந்தத் தேங்காயைத் துறைக்குக் கொண்டுவந்து பங்கிடுகிறவர் அவர்தான். எனக்கு மிகவும் பிடிக்கும். அதுவும் திறந்தவெளி, அதுவும் குச்சி, அதுவும் நெருப்பு. தேங்காய் சுட்டால் மரபு, கோழி சுட்டால் மேற்கத்தியச் சீரழிவு. ஆக, வெள்ளைக்காரன் மேல் பழிபோடுவது ஒரு மரியாதைக்காக. கசப்பு ஊன்மீதுதான். ஊனை நாலுபேர் பார்க்கச் சமைப்பது இன்னார் பழக்கம் என்று நம் ஊர்களில் ஒதுக்கிவைத்திருக்கிறோமே, அந்தப் பழைய கணக்குத்தான் பண்பாடு என்ற பெயரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதே கோழி, குளிரூட்டிய உணவகத்தில் மேசை நடுவே கரியடுப்போடு வந்தால் எவரும் ஒன்றும் சொல்வதில்லை. பணம் கொடுத்து வாங்கிய புகைக்குத் தீட்டு இல்லை போலும்.

ஆற்றங்கரை முழுக்கக் குடிபுட்டிச் சில்லும் நெகிழித் தட்டும் கிடக்கிறதே என்று கேட்டால் தலைகுனிவேன். அது உண்மை. கோடையில் காட்டுக்குள் தீ மூட்டுவதை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்தவனல்லன். நாங்கள் போனது தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குப் பக்கத்தில், உடையவர் அனுமதித்த தோப்பு. கிளம்பும் முன் வாளி வாளியாக ஊற்றி அணைத்தோம். ஆனால் நண்பர் குப்பையைப் பற்றியும் கேட்கவில்லை, தீயைப் பற்றியும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு எந்த ஏற்பாடும் கிடையாது. தங்கை குடும்பம் வந்திருந்தது. வாங்கிய கறியைக் குழம்பு வைக்கலாமென்று இருந்தவர்கள், “தோப்புக்குப் போலாமா மச்சான்?” என்று தங்கை கணவர் கேட்டதும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பிசறித் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம். முதல் ஈடு வெளியே கரி, உள்ளே பச்சை. பாளையும் மட்டையும் குப்பென்று எரிந்து அடங்கிவிடும், தேங்காய்த் தொட்டிதான் நின்று கனலும் என்பதைத் தோப்புக் காவலுக்கு இருந்த அம்மா வந்து சொல்லிக்கொடுத்தார். பப்பாளித் தண்டை ஊதுகுழலாக்கி, “மாமா, நான் ஊதறேன்” என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். ஒன்பது வயதாகும் என் மகள், நெருப்பு நீலமாக இல்லாமல் மஞ்சளாக இருப்பதைப் பார்த்துக் கேள்வி கேட்டாள். எரிவாயு அடுப்பைத் தவிர வேறு தீயை அவள் அருகிலிருந்து கண்டதில்லை. அந்த அம்மாவுக்கு முதலில் ஒரு குச்சி கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் தின்றோம்.

நண்பரை மட்டும் குற்றம் சொல்லித் தப்ப எனக்கு உரிமையில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘என் ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் அறுவடை முடிந்த வயலில் அப்பாவோடு வளை தோண்டி எலி பிடித்து, வரப்பிலேயே வைக்கோல் கொளுத்திச் சுட்டுத் தின்றதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். வளைக்குள் எலி சேர்த்துவைத்திருந்த நெற்கதிரைத் தங்கை மடியில் வாங்கிக்கொண்டதுவரை அதில் இருந்தது. அந்த வகுப்பு எழுதியவற்றில் அதுவே சிறந்தது. நான் அதன்மேல் குறுக்கே சிவப்புக் கோடிட்டு, ‘இது தேவையில்லை’ என்று ஓரத்தில் எழுதினேன். அவன் மறுவாரம் கோயில் திருவிழா பற்றி எழுதிக் கொண்டுவந்தான். அதற்கு ‘நன்று’ போட்டேன். அதே பருவத்தில்தான் அந்த வகுப்புக்கு நள்ளியையும் நடத்தினேன்.

இந்தப் பருவத்துக்கு நான் எழுதிக் கொடுத்த வினாத்தாளில் கொடைத்திறத்தை எடுத்துவிட்டேன். ‘ஆட்கள் வரும்வரை காத்திராமல் நள்ளி தானே தீக்கடைந்து இறைச்சி சுட்டுத் தந்தது ஏன்? அணிகளை அதன் பிறகே தந்தது ஏன்?’ என்று கேட்டிருக்கிறேன். வினாத்தாளைச் சரிபார்க்கும் பொறுப்பு இம்முறை நண்பருடையது. இன்னும் கையெழுத்தாகி வரவில்லை.