டாக்டரிடம் மறைக்காதீங்க!

எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷமாகிறது. அன்றிலிருந்து ஒரே டாக்டர்தான். "பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறிடேம்மா" என்கிறான் பிள்ளை. எனக்கு மனசு வரவில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு வாயைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாகப் போய் நிற்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்டில் அந்த ஜம்பம் பலிக்காது என்பது வேறு விஷயம்.) எங்கள் டாக்டரிடம் அந்த வேஷமே வேண்டாம். கல்யாண வீட்டில் லட்டு சாப்பிட்டேன் என்றால் திட்டமாட்டார். "எத்தனை?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்.

ஏகாதசி விரதத்தை விடமாட்டேன் என்றேன். "சாப்பிடாம சில மாத்திரைகளைப் போட்டா சர்க்கரை ரொம்ப இறங்கிடும்மா" என்று, அந்த நாளுக்கு மட்டும் தனியாக எழுதிக் கொடுத்தார்.

பாதம் எரிகிறதென்று வீட்டில்கூட யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் சொன்னேன். செருப்பைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். கட்டை விரலில் தொட்டது எனக்குத் தெரியவே இல்லை! திக்கென்றது.

அதிலிருந்து தினம் ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன், புண் ஏதும் இருக்கிறதா என்று. வீட்டுக்குள்ளேயும் செருப்புதான். மாமியார் முணுமுணுக்கிறார்; முணுமுணுக்கட்டும்.