கேட்கச் சொல்வது வாயடைப்பதா?

இனவெறி பற்றிப் பேச்செழும்போது வெள்ளையர்கள் முதலில் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று சொன்னால், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலரிடம் பதில் தயாராக இருக்கிறது: இது எங்கள் வாயை அடைக்கும் வேலை, கருத்துக்கு ஏது நிறம், மனத்தில் வெறுப்பே இல்லாதவருக்கு இந்தப் பாடம் எதற்கு? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்க மறுத்தால் என்ன நேரும் என்பது பிரிட்டனின் அரசாங்க அறிக்கையிலேயே பதிவாகியிருக்கிறது. அதற்கு முன்னால் இந்தப் பதில் நிற்காது.

1993 ஏப்ரல் 22 இரவு, தென்கிழக்கு லண்டனின் எல்தம் பகுதியில் பேருந்துக்காகக் காத்திருந்த 18 வயது ஸ்டீபன் லாரன்ஸை வெள்ளை இளைஞர் கும்பல் ஒன்று குத்திக் கொன்றது. உடனிருந்தவர் நண்பர் டுவெயின் புரூக்ஸ். இனத்தைச் சொல்லி வசைபாடியபடி பாய்ந்தார்கள் என்று அவர் அன்றிரவே போலீஸிடம் சொன்னார். கண்ணெதிரே நண்பனைப் பறிகொடுத்துப் பதறிக்கொண்டிருந்த அந்த இளைஞரை, தாக்குதலுக்கு ஆளானவராகவோ முக்கிய சாட்சியாகவோ போலீஸார் மதிக்கவில்லை. கொதித்துப்போன ஒரு கறுப்பு இளைஞனைத்தான் அவர்கள் பார்த்தார்கள். சந்தேகத்துக்குரியவர்களின் பெயர்கள் ஓரிரு நாட்களிலேயே வந்து சேர்ந்தும், கைது நடவடிக்கை மே 7-இல்தான் தொடங்கியது. ஸ்டீபனின் தாய் டோரீன் அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்த காகிதத்தை உயரதிகாரி மேலும் மேலும் சிறிதாக மடித்துக்கொண்டிருந்தார் என்று பின்னாளில் டோரீன் சாட்சியம் சொன்னார். அந்த அறையில் வாயடைக்கப்பட்டவர் யார்?

நல்லெண்ணம் போதும் என்ற வாதத்துக்கு, இந்தக் கொலை வழக்கு பற்றி 1999 பிப்ரவரியில் வெளிவந்த மெக்ஃபர்சன் விசாரணை அறிக்கையே பதில் தருகிறது. லண்டன் பெருநகரக் காவல்துறையில் நிறுவனரீதியான இனவெறி இருப்பதாகச் சொன்ன அந்த அறிக்கை, அதற்கு வெறுப்பு தேவையில்லை என்பதையும் தெளிவாக்கியது. தன்னையறியாத முன்முடிவும் அறியாமையும் அசட்டையுமே அந்தத் தீங்கைச் செய்துவிடும். தன்னையறியாமல் செய்வதைத் தானே உள்ளுக்குள் துழாவிக் கண்டுபிடிக்க முடியாது. அடிபட்டவர்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1963-இல், கறுப்பினத்தவருக்குத் தங்கள் ஊரில் சமமான நடத்தை கிடைக்கிறது என்று காலப் கருத்துக்கணிப்பில் சொன்ன வெள்ளையர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறியதோ மறு ஆண்டுதான். அவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்துத் தெருவில் நடந்தது அவர்களை எட்டவே இல்லை.

எதிர்வாதங்களில் வலுவானது இன்னொன்று: பாதிக்கப்பட்டவர் சொல்வதெல்லாம் உண்மை என்று ஏற்றால் ஆதாரத்துக்கு என்ன மதிப்பு? பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ இனவெறிச் சம்பவம் என்று கருதினால் அது இனவெறிச் சம்பவம்தான் என்று மெக்ஃபர்சன் வகுத்த வரையறையைச் சுட்டி இதைக் கேட்கிறார்கள். கவலை நியாயமானது, ஆனால் அந்த வரையறை புகாரைப் பதிவதற்கும் விசாரணையைத் தொடங்குவதற்குமானது. யாரையும் குற்றவாளியாக்குவதற்கானது அல்ல. 2012 ஜனவரியில் இந்தக் கொலைக்காக இருவர் தண்டிக்கப்பட்டபோது நீதிமன்றத்தில் பேசியது தடயங்கள்: ஒரு ஜாக்கெட்டின் காலரில் அரை மில்லிமீட்டர் அளவிலான ரத்தப் பொட்டு, துணி இழைகள், முடி. ஆதாரத்தைத் தேடிக்கொண்டு போக முதலில் ஒருவர் சொல்வதை நம்பிக் கிளம்ப வேண்டியிருக்கிறது. 1993-இல் அப்படிக் கிளம்பாததால் ஒரு குடும்பம் 18 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

கேட்பவர் ஊமையாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எந்தப் பக்கம் ஓடினார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள் என்று புரூக்ஸிடம் அக்கறையோடு கேட்டிருந்தால் அதுவும் கேட்பதன் பகுதியே. பேச்சைக் கெடுக்கும் கேள்விகள் வேறு வகை. என்னையும் இனவெறியன் என்கிறாயா என்று ஒருவர் கேட்டதுமே, நடந்ததைப் பற்றிய பேச்சு அவரைச் சமாதானப்படுத்தும் பேச்சாகிவிடுகிறது. நிறுவனங்களிலும் இதுவே நடக்கிறது. 2023 மார்ச்சில் லூயிஸ் கேசியின் ஆய்வறிக்கை அதே காவல்துறையில் அதே நோய் தொடர்வதாகச் சொன்னது. ஒழுங்கு நடவடிக்கையில் சிக்கும் வாய்ப்பு வெள்ளைச் சக ஊழியர்களைவிடக் கறுப்பின அதிகாரிகளுக்கும் ஊழியர்களுக்கும் 81 சதவீதம் கூடுதல் என்றும் காட்டியது. ஆணையர் மார்க் ரோலி அறிக்கையின் முடிவுகளை ஏற்றார். 'நிறுவனரீதியான' என்ற சொல்லை மட்டும் பயன்படுத்த மறுத்தார். விவாதம் அந்தச் சொல்லைச் சுற்றியே ஓடியது. அந்த 81 சதவீதத்துக்குப் பின்னால் இருந்த ஊழியர்கள் என்ன சொன்னார்கள் என்பதைத்தான் அந்த வாரம் முழுக்கப் பேசியிருக்க வேண்டும்.