ஏட்டில் ஏறாத வெற்றிகள்

விளையாட்டில் வெற்றி பெறுவது ஒரு கடமை என்றால், அவ்வெற்றியை நேர்மையாக ஏட்டில் பதிவது மற்றொரு கடமையாகும். டென்னிஸ் பட்டங்களை எண்ணும் முறையைப் பார்த்தால் இது நன்கு விளங்கும். கம்பம் பள்ளத்தாக்கில் வளரும் எங்களுக்கு எறிபந்தும் பூப்பந்தும் கோ-கோவுமே பழக்கமான ஆட்டங்கள். ஆயினும் நியாயம் எல்லா ஆட்டத்திற்கும் ஒன்றுதானே?

1968ஆம் ஆண்டுக்கு முன் விம்பிள்டன் போன்ற பெரும் பட்டங்களுக்கு அமெச்சூர் வீரர்கள் மட்டுமே ஆடலாம். பணத்திற்கு ஆடிய தொழில்முறை வீரர்களுக்கு இடமில்லை. 1968இல் இரு சாராருக்கும் கதவு திறந்தது. அதனை 'ஓப்பன் காலம்' என்பர். இன்று பல பட்டியல்கள் அந்த ஆண்டிலிருந்தே தொடங்குகின்றன. அதற்கு முன் ஆடியவர்களின் கதி என்ன?

நாகர்கோவிலில் 1937இல் பிறந்த இராமநாதன் கிருஷ்ணனை எடுத்துக்கொள்வோம். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 1959இல் லண்டன் குயின்ஸ் கிளப் பட்டம் பெற்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதியில் ஆடினார். 1966இல் இந்திய அணி டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றை எட்டத் துணை நின்றார். 1968க்குப் பின் மட்டும் எண்ணுகிற பட்டியலில் இவற்றுள் ஒன்றுகூட இராது!

ஆஸ்திரேலியாவின் ராட் லேவர் 1962இல் நான்கு பெரும் பட்டங்களையும் வென்றார். தொழில்முறைக்கு மாறியதால் அடுத்த ஐந்து ஆண்டுகள் அப்பட்டங்களுக்கு ஆட முடியாமற்போயிற்று. 1969இல் மீண்டும் நான்கையும் வென்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் ஆடவே இல்லை என்று எண்ணுவது முறையாகுமா?

பெண்களின் நிலையையும் பாருங்கள். 1998இல் ஆஸ்திரேலியப் போட்டியின் ஒற்றையர் பிரிவில் ஒரு சுற்று வென்று, ஓப்பன் காலத்தில் அப்பெருமை பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார் கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன். நாங்கள் அதற்காகப் பூரிக்கிறோம். ஆனால் 1934லேயே லீலா ராவ் விம்பிள்டனில் ஓர் ஆட்டம் வென்றுவிட்டார். 'ஓப்பன் காலத்தில்' என்ற இரண்டு சொற்களை எழுதுகிறவர் மறந்தால், லீலா ராவ் மறைந்துபோவார்.

"அப்படியானால் எல்லாவற்றையும் கூட்டிவிடலாமே" என்று சிலர் கேட்கலாம். அதுவும் சரியன்று. மார்கரெட் கோர்ட் வென்ற பெரும் ஒற்றையர் பட்டங்கள் 24. அவற்றுள் 13 பட்டங்கள் 1968க்கு முந்தியவை. மேலும், அவர் சொந்த நாட்டில் வென்ற பட்டங்கள் 11. அந்நாளில் அங்கே வெளிநாட்டார் பலர் வருவதில்லை. செரீனா வில்லியம்சின் 23 பட்டங்களும் ஓப்பன் காலத்தவை. 24, 23 என்று வெறும் எண்களை அடுக்கினால் செரீனாவுக்குக் குறை. 11, 23 என்று அடுக்கினால் கோர்ட்டுக்குக் குறை.

நம் போடிச் சந்தையில் ஏலக்காயைத் தரம் பிரித்தே விலை வைக்கிறார்கள். சிறிய காயை வீசி எறிவதும் இல்லை. முதல் தரத்தோடு கலப்பதும் இல்லை. பட்டங்களையும் அவ்வாறே தனித்தனிப் பத்தியில் எழுதி, எந்த ஆண்டு, யார் யார் ஆடலாம், எத்தனை பேர் ஆடினர் என்று குறித்துவிட்டால் படிப்பவர் தாமே தீர்ப்புச் சொல்வார்.

இந்த நீதி நம் வீட்டுக்கும் வேண்டும். தேனி மாவட்டம் 1996இல் மதுரையிலிருந்து பிரிந்தது. மாவட்டச் சாதனைகளை அந்த ஆண்டிலிருந்து மட்டும் எண்ணினால், மதுரை மாவட்ட வீராங்கனைகளாய் ஓடியும் தாண்டியும் வென்ற நம் அன்னையரும் பாட்டியரும் எந்த ஏட்டில் இருப்பார்கள்? நம் பள்ளியின் கண்ணாடி அலமாரியிலும் ஆண்டு இருந்து பெயர் இல்லாத கோப்பைகள் உள்ளன.

ஆகவே, பெற்றோரே, பெட்டியடியில் கிடக்கும் பழைய சான்றிதழ்களைத் தேடித் தாருங்கள். அருட்சகோதரியர் அனுமதித்தால், பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஒரு விளையாட்டுப் பதிவேடு எழுதத் தொடங்குவோம். எங்களுக்குப் பின் வரும் தங்கையர் அதனைத் தொடர்ந்து எழுதட்டும்.