ஒரே ஆளிடம் பேரம்

2025 பிப்ரவரியில் டாலஸ் மேவரிக்ஸ் கூடைப்பந்து அணி தன் நட்சத்திர வீரர் லூகா டான்சிச்சை லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்தது. பதிலுக்குக் கிடைத்தது ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029ஆம் ஆண்டில் புதிய வீரரை எடுக்கும் முதல் சுற்றுத் தேர்வு உரிமை. டான்சிச்சுக்கு அப்போது 25 வயது. முந்தைய ஆண்டுதான் அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனவர். டேவிஸுக்கு 31, அடிக்கடி காயம்படுகிறவர். தடுப்பாட்டம்தான் கோப்பை தரும் என்றார் பொது மேலாளர் நிகோ ஹாரிசன். அதைக்கூட ஒரு வாதமாக ஏற்கலாம். டேவிஸ் அபாரமான தடுப்பாட்டக்காரர். ஆனால் லேக்கர்ஸோடு மட்டும் ரகசியமாகப் பேசி முடித்ததை எப்படி ஏற்பது? டான்சிச் கிடைப்பார் என்று தெரிந்திருந்தால் எத்தனை அணிகள் தேர்வு உரிமைகளை அள்ளிக்கொண்டு ஓடி வந்திருக்கும்! டாலஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே டேவிஸ் காயமடைந்தார். நவம்பரில் ஹாரிசனை அணி நீக்கியது. அந்த நீக்கம் நியாயமானதே. மிகத் தாமதமாக வந்தது.