‘பப்ளிக் ஸ்கூல்’ யாருடைய பாடசாலை? வற் வரியும் எமது பெற்றோரும்

பிரித்தானியாவுக்கு வந்த புதிதில் எம்மவர் பலர் செய்த தவறு ஒன்று உண்டு. ‘பப்ளிக் ஸ்கூல்’ என்றால் பொதுமக்களுக்கான அரச பாடசாலை என்று எண்ணிக்கொண்டோம். நானும் அப்படித்தான் எண்ணினேன். இங்கே அதன் பொருள் நேர் எதிர். ஈட்டன், ஹரோ, வின்செஸ்டர் போன்று பெருங்கட்டணம் வாங்கும் பழைய தனியார் பாடசாலைகளையே இங்கிலாந்தில் அப்படி அழைக்கிறார்கள்.

அன்று அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறு. இன்று அப்படி இல்லை. 2025 ஜனவரி 1 முதல் தனியார் பாடசாலைக் கட்டணங்களுக்கு 20 வீத வற் வரி அறவிடப்படுகிறது. விடுதிக் கட்டணத்துக்கும் அதே வரிதான். எந்தப் பாடசாலை எந்த வகை என்பதை அறியாமல் முடிவெடுத்தால் அது இப்போது குடும்பத்தின் வரவு செலவையே தாக்கும்.

இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஈட்டனை 1440இல் ஆறாம் ஹென்றி மன்னர் தொடங்கியது 70 ஏழை மாணவர்கள் இலவசமாகப் படிப்பதற்காக. ஹரோ பாடசாலைக்கு 1572இல் அரச சாசனம் பெற்ற ஜோன் லயன் உள்ளூர் விவசாயி. ஊர்ப் பையன்கள் படிக்க வேண்டும் என்பதே அவரது நோக்கம். எந்த ஊர்ப் பிள்ளையும் சேரலாம் என்பதால் ‘பப்ளிக்’ என்ற பெயர் வந்தது. கட்டணம் செலுத்தக்கூடிய வெளியூர்ப் பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கினார்கள். காலப்போக்கில் பெயர் நிலைத்தது, நோக்கம் மாறிவிட்டது. இன்று ஹரோவில் எமது குடும்பங்கள் நிறையவே வாழ்கின்றன. ஆனால் குன்றின் மேலுள்ள அந்தப் பாடசாலை ஊர்ப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு இரண்டு கேள்விகள் கேளுங்கள். காசு கொடுப்பது யார்? பிள்ளையைத் தெரிவு செய்வது எதை வைத்து?

‘பிரைவேட்’, ‘இன்டிபென்டன்ட்’, ‘பப்ளிக்’, சிறு வயதினருக்கான ‘பிரெப்’ எல்லாமே பெற்றோரின் காசில் நடப்பவை. வற் வரி இவற்றுக்குத்தான். ‘கொம்பிரிஹென்சிவ்’ அரச செலவில் நடப்பது. நுழைவுத் தேர்வு இல்லை. ‘அகடமி’யும் ‘ஃப்ரீ ஸ்கூலும்’ மத்திய அரசிடம் நேரடியாகக் காசு பெறுபவை, கட்டணம் கிடையாது. ‘ஃப்ரீ’ என்பது கவுன்சிலின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது என்ற பொருளில் வந்தது. ‘கிராமர் ஸ்கூலும்’ அரச பாடசாலைதான், ஆனால் 11 வயதுத் தேர்வில் தேற வேண்டும். இங்கிலாந்து முழுவதிலும் இவை 163 மட்டுமே. புதிதாகத் தொடங்க 1998ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கவில்லை.

எம்மவர் அதிகம் அறியாத வகை ஒன்றும் உண்டு: அரச விடுதிப் பாடசாலை. படிப்பு இலவசம், தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமே கட்டணம். அந்தக் கட்டணத்துக்கு வற் வரி இல்லை. இவை எண்ணிக்கையில் குறைவு. ‘போர்டிங்’ என்றாலே பணக்காரர் விடயம் என்று ஒதுங்குபவர்கள் ஊரை நினைத்துப் பார்க்கலாம். உடுவிலில் 1824இல் அமெரிக்க மிஷன் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது. பின்னாளில் தீவுப்பகுதியிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக் கல்லூரி விடுதிகளில் தங்கித்தான் படித்தார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒரு பாடசாலை ஆண்டுக்கு 18,000 பவுண் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரியை முழுமையாகச் சேர்த்தால் 21,600. கூடுதலாக 3,600 பவுண்தானே என்று தோன்றும். ஆனால் கட்டணம் கட்டுவது வரி கழித்த காசிலிருந்து. 20 வீத வருமான வரியும் 8 வீத தேசிய காப்புறுதியும் செலுத்தும் சம்பளக்காரர் 3,600 பவுணைக் கையில் காண 5,000 பவுண் உழைக்க வேண்டும். முழுக் கட்டணத்துக்கு 30,000 பவுண். இரண்டு பிள்ளைகள் என்றால் இரட்டிப்பு. உயர் வரி வீதத்தில் இருப்பவருக்கு இன்னும் கூட.

பாடசாலைகள் தாம் வாங்கும் பொருட்களுக்கும் கட்டட வேலைகளுக்கும் செலுத்தும் வற் வரியை இப்போது மீளப் பெறலாம். எனவே முழு 20 வீதத்தையும் பெற்றோர் தலையில் சுமத்த வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் பாடசாலை எவ்வளவைத் தான் ஏற்றுக்கொண்டது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

என்னிடம் கணக்குப் பார்க்கும் ஒரு கடைக்காரர் கேட்டார்: “அண்ணை, பீஸைக் கொம்பனிக் கணக்கில போட்டு வற்றைத் திருப்பி எடுக்கேலாதோ?” முடியாது. அது வியாபாரச் செலவு அல்ல. கொம்பனி கட்டினால் அது அவருக்குக் கிடைத்த வருமானமாகக் கருதப்பட்டு அதற்கும் வரி வரும். விசேட தேவையுள்ள பிள்ளைகள் விடயத்தில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. ஈ.எச்.சி. திட்டத்தில் பாடசாலையின் பெயர் குறிக்கப்பட்டு கவுன்சிலே கட்டணம் செலுத்தினால், வரியைக் கவுன்சில் மீளப் பெறும். திட்டம் இல்லாமல் பெற்றோர் தாமே செலுத்தினால் விலக்கு இல்லை.

இந்த வரி நியாயமானதா? பெற்றோரும் பாடசாலைகளும் தொடுத்த வழக்கை 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வரும் வருமானத்தை அரச பாடசாலைகளுக்குச் செலவிட்டு 6,500 ஆசிரியர்களைச் சேர்ப்போம் என்கிறது தொழிற்கட்சி அரசாங்கம். காலப்போக்கில் தனியார் பாடசாலைகளில் 37,000 மாணவர்கள் குறைவார்கள் என்றும் அதுவே கணித்திருக்கிறது.

என் கருத்தில் வரி பிழையல்ல, அதைக் கொண்டுவந்த விதம்தான் பிழை. இந்நாட்டுப் பிள்ளைகளில் 90 வீதத்துக்கும் மேற்பட்டோர் அரச பாடசாலைகளில்தான் படிக்கிறார்கள். எமது பிள்ளைகளிலும் பெரும்பாலானோர் அங்கேதான். நாமே 1945இல் வந்த இலவசக் கல்வியால் மேலே வந்தவர்கள். அந்தக் கடனை மறந்துவிட்டு இந்த வரியை அநீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கல்வியாண்டின் நடுவில், ஜனவரியில் அதைக் கொண்டுவந்தார்கள். ஈட்டன் பெற்றோர் அதைத் தாங்குவார்கள். இரண்டு வேலை செய்து, வீட்டுக் கடனைக் கூட்டிப் பிள்ளையை அனுப்பிய குடும்பத்துக்கு, ஜி.சி.எஸ்.ஈ. வகுப்பில் இருக்கும் பிள்ளையை எங்கே மாற்றுவது என்று யோசிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

இப்போதாவது உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். இந்த ஆண்டுக்கு மட்டுமல்ல, பிள்ளை பாடசாலை முடிக்கும் ஆண்டுவரை பாருங்கள். பெரும்பாலான தனியார் பாடசாலைகள் விலகுவதற்கு ஒரு முழுத் தவணை முன்னறிவித்தல் கேட்கின்றன. தவறினால் அந்தத் தவணைக்கான கட்டணத்தையும் கேட்பார்கள். ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். அருகிலுள்ள அரச பாடசாலைக்கு ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். முடிவெடுக்கும் முன் பிள்ளையிடமும் கேளுங்கள். வீட்டில் காசு இறுகுவது அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.