தோன்றா எழுவாய்

எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு செய்தி மடல் உண்டு. ஒவ்வொரு பொங்கலுக்கும் பெரியப்பா நான்கு பக்கத்தில் எழுதி, காஞ்சிபுரத்தில் டி.டி.பி. செய்து, நகலெடுத்து, செவிலிமேட்டிலிருந்து ஆரணி, சென்னை, பெங்களூரு வரை சிதறிக் கிடக்கும் பங்காளி, சம்பந்தி வீடுகளுக்கெல்லாம் அனுப்பிவைப்பார். யாருக்கு வேலை கிடைத்தது, யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் எந்தக் கோயிலுக்குப் போய்வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஒற்றுப்பிழைகூட இருக்காது. என் சண்டை அவருடைய வினைமுற்றுகளோடு.

2020 பொங்கல் மடலை எடுத்துக்கொள்கிறேன். 2019 ஆனி முதல் மார்கழி வரையிலான ஏழு மாதச் செய்திகள், மொத்தம் பதினொன்று. விழா ‘நடைபெற்றது’. சடங்கு ‘இனிதே நடந்தேறியது’. விருந்து ‘பரிமாறப்பட்டது’. பாகப்பிரிவினை ‘சுமுகமாக முடிந்தது’. பள்ளிக்கூடத்தில் தோன்றா எழுவாய் என்று படித்திருப்பீர்கள். ‘படித்தாய்’ என்று மட்டும் சொன்னால் ‘நீ’ வெளியே தெரியாது, ஆனால் விகுதி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவரே பெரியப்பாதான். ஆனால் ‘விருந்து பரிமாறப்பட்டது’ என்று எழுதும்போது விகுதி விருந்தோடு நின்றுகொள்கிறது. இலை போட்டவள், குழம்பு ஊற்றியவள், எச்சில் இலை எடுத்தவள் யாரையும் அது காட்டிக்கொடுப்பதில்லை.

முதல் செய்தி அத்திவரதர். ‘அருள்மிகு அத்திவரதர் எழுந்தருளிய 48 நாட்களும் சுமார் 140 உறவினர்கள் நம் இல்லத்தில் தங்கி தரிசனம் பெற்றுச் சென்றனர்.’ 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை காஞ்சிபுரத்தில் வாழ்ந்த எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்திலிருந்து நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வரும் மூர்த்தி. இதற்கு முன் வந்தது 1979இல். ஒரு கோடிப் பேருக்குமேல் வந்த ஊரில், சொந்தக்காரர் வீடு இருக்கும்போது யார் லாட்ஜ் எடுப்பார்கள்? விடியற்காலை மூன்று மணிக்கு வரிசைக்குக் கிளம்புகிறவர்களுக்குக் காப்பி, பத்து மணி நேரம் நின்று திரும்புகிறவர்களுக்கு வெந்நீரும் சோறும், இரவு வண்டியில் வந்திறங்குகிறவர்களுக்குப் பாய். நாற்பத்தெட்டு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு அணைந்ததாக எனக்கு நினைவில்லை. அடுப்படியில் இருந்தது பெரியம்மா, அம்மா, அண்ணி. விடுமுறை நாட்களில் நானும்.

அண்ணி தரிசனத்துக்குப் போகவில்லை. ஒரு நாள் வயிற்றுவலி என்றாள், ஒரு நாள் வீட்டில் ஆள் இல்லை என்றாள், அப்புறம் பெருமாள் மறுபடி குளத்துக்குள் போய்விட்டார். கேட்டதற்கு, “ஊர்லயே இருக்கிற சாமிதானே, அடுத்த தடவை பாத்துக்கிறேன் விடும்மா” என்றாள். அடுத்த தடவை 2059. அப்போது அண்ணிக்கு எண்பத்துநான்கு வயது. இது மடலில் இல்லை. வெளியூரிலிருந்து வந்த 140 பேர் பார்த்தது செய்தி. உள்ளூரில் இருந்தவள் பார்க்காமல் போனது செய்தி இல்லை.

எங்கள் செவிலிமேட்டுக்கும் பெருமாளோடு ஒரு கதை உண்டு. விந்தியக் காட்டில் தனித்து விடப்பட்ட இராமானுசரை வேடுவர் தம்பதியாக வந்த பெருமாளும் தாயாரும் அழைத்துவந்த இடம் இது. வேடுவச்சிக்குத் தாகம் எடுத்தது. இராமானுசர் சாலைக்கிணற்றில் நீர் மொண்டு கொடுத்தார். கதை முழுக்க ஒரு பெண்ணின் தாகத்தில்தான் நகர்கிறது. எங்கள் வீட்டிலோ, நாற்பத்தெட்டு நாள் தண்ணீர் மொண்டு கொடுத்தவளுக்குத் தாகமெடுத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாவது செய்தி தறி. ‘இவ்வாண்டு நம் தறியில் இருபத்திரண்டு சேலைகள் நெய்யப்பட்டன’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் அண்ணன் பெயர். காஞ்சிப் பட்டு என்று உலகம் கொண்டாடுவதே கோர்வைக்காகத்தான். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில், தனித்தனி ஊடையில் நெய்து, வரிக்கு வரி கோத்து வரவேண்டும். அதற்கு ஒருவர் கை போதாது; தறிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவை எறிய வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் குழந்தைகளை உட்காரவைத்தார்கள். பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறுவர்களைப் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள், நல்லது. எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு வந்தவள் அண்ணி. தார் சுற்றுவதும் அவள்தான், பாவு பிணைக்கும்போது எதிரே உட்காருவதும் அவள்தான். கூலி அண்ணன் பெயரில் வருகிறது. இந்தியாவின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, 2019–20இல் வெளிவந்தது, கைத்தறித் தொழிலாளர்களில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேருக்குமேல் பெண்கள் என்று சொல்கிறது. அரசாங்கமே எண்ணிவிட்டது. பெரியப்பா எண்ணவில்லை.

மூன்றாவதை எழுதக் கை கூசுகிறது. அண்ணன் மகளின் மஞ்சள் நீராட்டு விழா. பதிமூன்று வயதுப் பெண்ணின் படத்தோடு கால் பக்கம். வாசலில் டிஜிட்டல் பேனர், தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளின் எண்ணிக்கை, வந்திருந்த பிரமுகர்கள். ஒரு குழந்தையின் மாதவிடாய் தொடங்கியதைச் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள பெரியப்பா சித்தப்பாக்கள் எல்லாம் அச்சில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். வேண்டாம் என்று அவள் என்னிடம் அழுதாள். நான் பேசிப் பார்த்தேன். “உனக்கென்ன, காலேஜ்ல பேசற பேச்ச இங்க பேசாத. வச்ச மொய்யத் திரும்ப வாங்க வேணாமா?” என்றார் அண்ணன். அந்தப் பதில் நேர்மையானது. அதை நான் மதிக்கிறேன். சடங்கு பெண்ணுக்காக அல்ல, மொய்க்காக என்று அவரே ஒப்புக்கொண்டார். அதே பருவத்தில் அவள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினாள். மடலில் இல்லை. சித்தப்பா பேரன் மாறுவேடப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியது இருக்கிறது, பாரதியார் மீசையோடு.

“குடும்பத்துக்குள் கணக்குப் பார்க்கலாமா?” என்று கேட்பார்கள். அன்பு இருக்கும் இடத்தில் கணக்கு எதற்கு என்பார்கள். எங்கள் வீட்டு மொய் நோட்டைப் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். 1980களில் வைத்த ஐந்து ரூபாய்கூட ஊர், பெயர், இனிஷியலோடு அதில் இருக்கிறது. எங்கள் குடும்பம் நன்றாகக் கணக்குப் பார்க்கும் குடும்பம். சேலை இருபத்திரண்டு, விருந்தினர் 140, சீர்த்தட்டு ஐம்பத்தொன்று. எதை எண்ணுவது என்பதில்தான் அரசியல். அந்த மொய் நோட்டிலும் பாருங்கள், அத்தை தன் சீட்டுப் பணத்தில் எடுத்துவைத்த மொய் மாமா பெயரில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

வெளியே யாரோ எண்ணவும் செய்தார்கள். மடலில் வரும் அதே 2019இல்தான் இந்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. வீட்டுவேலை செய்யும் பெண்கள் கூலியில்லாமல் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்கு 299 நிமிடம்; அதில் கைவைத்த ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289. ஐந்தாண்டில் பத்து நிமிடம் மிச்சம். அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் எடுத்துக்கொண்டார்களோ என்று பார்த்தால், அவர்களுடையது 88 ஆகக் குறைந்திருக்கிறது.

கோயில் பயணங்கள் மூன்று, அவற்றைத் தாண்டிப் போகிறேன். ‘குடும்பத்துடன்’ என்று எழுதியிருக்கிறது. அண்ணி எதிலும் இல்லை.

பெரியப்பாவின் சதாபிஷேகத்தைத் தாண்ட முடியாது. கார்த்திகையில் நடந்தது, நானும் காலில் விழுந்து ஆசி வாங்கினேன். அறுபதுக்கு ஒன்று, எழுபதுக்கு ஒன்று, எண்பதுக்கு ஒன்று என்று நம் ஊரில் கொண்டாட்டம் உண்டு. யாருடைய அறுபது? யாருடைய எண்பது? பெரியம்மா பக்கத்தில் மணையில் உட்கார்ந்தார், கழுத்தில் இன்னொரு தாலி ஏறியது. அவர் வயது மடலில் இல்லை. என் அம்மாவுக்கு அதே ஆண்டு எழுபது முடிந்தது. அப்பா இறந்து ஒன்பது ஆண்டு. கணவன் இல்லாத பெண்ணின் எழுபதுக்குச் சாஸ்திரத்தில் சடங்கு இல்லை. மடலில் வரி இல்லை. அன்று அம்மா சமையலறையில் இருந்தார். மேடைப்பக்கம் வரக்கூடாதாம்.

இடம்பெறாத இன்னொன்று. புரட்டாசியில் சித்தப்பா மகள் கணவனை விட்டு, இரண்டு வயதுப் பிள்ளையோடு வீட்டுக்குத் திரும்பினாள். அவளுடைய கல்யாணம் முன்பொரு மடலில் முழுப் பக்கம் எடுத்துக்கொண்டது. திரும்பிவந்ததற்கு ஒரு சொல்லும் இல்லை. ‘வாழாவெட்டி’ என்று ஒரு சொல்லை ஊர் வைத்திருக்கிறது. பெரியப்பா நல்லவர், அதை எழுதமாட்டார். எதையுமே எழுதாமல் விட்டார். அவள் இப்போது ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறாள், பிள்ளை பள்ளிக்குப் போகிறது. இது மைல்கல் இல்லையென்றால் எது மைல்கல்?

என் ஊர்ப்பெயரிலேயே ஒரு செவிலி இருக்கிறாள். தமிழ் படித்தவள் என்பதால் என் மனம் அங்கே போகாமல் இருக்காது. தமிழில் குடும்பச் செய்தியை முதன்முதலில் கொண்டுவந்தவள் செவிலிதான். மகள் மணமாகிப் போன வீட்டை நேரில் பார்த்துவிட்டு வந்து நற்றாய்க்குச் சொல்வாள். குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய அந்தப் பாட்டை நாங்கள் எல்லோரும் வகுப்பில் நடத்துகிறோம். புதுமணப் பெண் தயிர் பிசைந்த விரலைத் தன் ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள், தாளிக்கும் புகை கண்ணில் படிகிறது, தானே துழாவிச் சமைத்ததைக் கணவன் இனிது என்று சொல்லி உண்கிறான், அவள் முகம் மெல்ல மலர்கிறது. இல்லறத்தின் இனிமை என்று இதற்குப் பொருள் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவ்வளவு வேலைக்கும் கூலி ஒற்றைச் சொல்தானா என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். சரியான கேள்வி. ஆனாலும் அந்தச் செவிலி விரலைப் பார்த்தாள், அழுக்கான ஆடையைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள். இன்னொன்றும் உண்டு: அகப்பாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது, தொல்காப்பியத்தின் விதி அது. தலைவனுக்கும் கிடையாது, தலைவிக்கும் கிடையாது. எங்கள் மடலில் அந்த விதி பெண்களுக்கு மட்டும்.

2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், அவர் பிறந்த காஞ்சிபுரத்திலேயே கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அண்ணிக்கும் வருகிறது. 289 நிமிடத்தால் வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறாது. அது தனிச் சண்டை. ஆனால் அரசு அதற்கு உதவி என்று பெயர் வைக்கவில்லை, உரிமை என்று வைத்தது. குடும்பத் தலைவி என்று அவளை அழைத்தது. அடுத்த பொங்கல் மடலில் பெரியப்பா எழுதினார்: ‘நம் குடும்பத்துப் பெண்களுக்கு அரசின் உதவித்தொகை கிடைத்து வருகிறது.’ ஒற்றுப்பிழை விடாதவருக்கு இது கைதவறி வந்திருக்காது.

கடைசியாக அந்தப் பாகப்பிரிவினை. ‘பூர்வீக வீடு சுமுகமாகப் பிரித்துக்கொள்ளப்பட்டது’ என்பது பதினொன்றாம் செய்தி. வீடு தாத்தா தறி நெய்து சம்பாதித்துக் கட்டியது. உயில் எழுதாமல் இறந்தார். அப்படியென்றால் 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படியே மகன்களுக்கு உள்ள அதே பங்கு மகள்களுக்கும் உண்டு; 1989, 2005 திருத்தங்களுக்குக்கூடப் போக வேண்டியதில்லை. அத்தைகள் இருவரையும் ஆட்டோ வைத்து சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனார்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எதிலிருந்து விடுதலை? பிறந்த வீட்டிலிருந்து. ஆளுக்கொரு பட்டுச்சேலை கொடுத்தார்கள், இருபத்திரண்டில் இரண்டு. “அண்ணன் தம்பி உறவு போயிட்டா ஆடிக்கு யாரு கூப்பிடுவா?” என்றார் பெரிய அத்தை. உறவு போய்விடும் என்ற பயத்தில் வாங்கிய கையெழுத்துக்குச் சுமுகம் என்று பெயர்.

அப்பாவின் பங்கில் எனக்கு வரவேண்டியதற்கும் ஒரு பத்திரம் தயாராக இருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. அம்மாவையும் போட விடவில்லை. ஒரு தளம், ஒரு குழித்தறி, பின்கட்டில் ஒரு முருங்கைமரம், அதில் மூன்றில் இரண்டு பங்கு எங்கள் இருவருடையது. அண்ணன் எட்டு மாதம் பேசவில்லை. மடலில் என்னுடைய செய்திகள் அத்தோடு நின்றன. 2021இல் என் கவிதைத் தொகுப்பு வந்தது, 2022இல் பதவி உயர்வு வந்தது. இரண்டும் பெரியப்பாவுக்குத் தெரியும். தொகுப்பை வாங்கிப் படித்து இரண்டு சந்திப்பிழைகளை அடிக்கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வருகிற பொங்கல் மடலுக்குச் செய்திகள் கேட்டு இந்த முறை எனக்கும் கடிதம் வந்திருக்கிறது. வயது ஆகிறது, கண் மங்குகிறது, நீ கொஞ்சம் பார்த்துக்கொடு என்று எழுதியிருக்கிறார். இவற்றை எழுதி அனுப்பினேன்: அண்ணி இந்த ஆண்டு பதினெட்டுச் சேலைக்குக் கோர்வை எறிந்தாள். சித்தப்பா மகளுக்கு விவாகரத்துத் தீர்ப்பு கிடைத்தது. அண்ணன் மகள் வேதியியல் இரண்டாமாண்டு படிக்கிறாள். பெரியம்மாவுக்கு எண்பத்திரண்டு. அம்மா வீட்டுவரியைத் தன் பெயரில் கட்டினாள். பெரியப்பா போன் செய்து, எல்லாம் சரிதான் பாப்பா, நாலு பக்கத்தில் இடம் போதாதே என்றார். ஐந்தாம் பக்கத்துக்கான நகல் கூலியை நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.